வலது என்றால் யாருடைய வலது?

சில வருடங்களுக்கு முன்பு, முழங்கால் சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பது என் பொறுப்பு.

"எந்தக் கால் மாமி?"

"இந்தப் பக்கம்தான் தம்பி, வீங்கிக் கிடக்கிறது தெரியேல்லையோ?"

எதிரே இருந்த நான் என் வலப்பக்கத்தை எண்ணி 'வலது' என்று சொல்ல, தாதியும் படிவத்தில் அப்படியே எழுதிவிட்டார். பிறகு வந்த வைத்தியர் எக்ஸ்றே படத்தையும் படிவத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் வலதா, அவருடைய வலதா?" என்று கேட்டார். எனக்கு உடல் வியர்த்துவிட்டது. வலி இருந்ததோ இடது காலில்!

உடற்கூற்றியலில் இந்தக் குழப்பம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. மனிதர் நிமிர்ந்து நிற்கிறார், முகம் நேரே, கைகள் பக்கவாட்டில், உள்ளங்கைகள் முன்னோக்கி. இதுவே அடிப்படை நிலை. அவர் படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் விவரிப்பது இந்த நிலையை வைத்துத்தான். வலமும் இடமும் எப்போதும் அவருடையவை, பார்ப்பவருடையவை அல்ல. நெஞ்சு எக்ஸ்றேயில் இதயம் நம் வலப்பக்கமாகத் தெரிவது இதனால்தான்.

உடலின் நடுக்கோட்டுக்கு நெருங்கியது 'நடுப்புறம்', விலகியது 'பக்கப்புறம்'. கண்ணுக்கு மூக்கு நடுப்புறம், காது பக்கப்புறம். உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பினால் பெருவிரல் உடலை ஒட்டி வரும். ஆனாலும் அது பக்கப்புற விரல்தான். அடிப்படை நிலை மாறுவதில்லை அல்லவா?

கைகால்களுக்கு 'அண்மை', 'சேய்மை' என்ற சொற்கள் பொருந்தும். உடலோடு பொருந்தும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். முழங்கை மணிக்கட்டுக்கு அண்மையிலும் தோளுக்குச் சேய்மையிலும் இருக்கிறது. 'இவன்', 'அவன்' என்று அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் படித்த நமக்கு இது புதிதல்ல. சுட்டுவதற்கு ஒரு நிலைப்புள்ளி வேண்டும், அவ்வளவுதான்.

பழந்தமிழில் 'கீழ்' என்பது கிழக்கையும் 'மேல்' என்பது மேற்கையும் குறித்தன. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள நிலத்தில் அது சரி. வேறு நிலத்தில்? உடற்கூற்றியலார் உடலையே நிலமாக்கிக்கொண்டார்கள். தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ்.

தமிழில் இவை முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் சாமுவேல் கிறீனை நினைக்கலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், வெட்டுமிடம் குறியிடப்பட்டதா என்ற கேள்வியும் உண்டு. மாமியின் இடது முழங்காலிலும் வைத்தியர் பேனாவால் அடையாளமிட்டார். மாமி என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னா: "இனி நீ சொல்லத் தேவையில்லை தம்பி, காலிலேயே எழுதியாச்சு."