மலேயா மைதானத்தில் நம்மவர்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் "மலேயாக்காரர் வீடு" என்று பெயர் வாங்கிய வீடுகள் இன்னும் உண்டு. பாட்டனாரோ, பாட்டனாரின் தமையனாரோ ஒரு காலத்தில் கப்பலேறிப் போயிருப்பார். சில வருஷம் கடிதம் வந்திருக்கும், பணம் வந்திருக்கும். பிறகு இரண்டும் நின்றிருக்கும்.

போனவர்கள் பால்மரம் வெட்டினார்கள். ரெயில் பாதை போட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். இதெல்லாம் நாம் அறிந்த கதை. அந்த ஜனங்களின் வம்சத்தில் பிறந்தவர்கள் அந்த நாட்டின் சட்டை அணிந்து உலக மைதானங்களில் கால்பந்து ஆடினார்கள் என்பது பலருக்குத் தெரியாத கதை. தேசிய அணிக்கே ஒருவர் தலைவராக இருந்தார். ஒருவர் கோல் காத்தார். ஒருவர் பயிற்சி கொடுத்துக் கோப்பை வாங்கித் தந்தார்.

அப்படி இருந்த இடத்தில் இன்று நம்மவர் முகம் ஏன் அரிதாகிவிட்டது?

கப்பலேறிய ஜனங்கள்

அன்று திண்டிவனமும் விழுப்புரமும் தென்னார்க்காடு ஜில்லாவின் தாலுகாக்கள். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். மலேயா தோட்டங்களுக்கு அதிகமாக ஆள் போன ஜில்லாக்களில் தென்னார்க்காடும் ஒன்று. மழை பொய்த்த வருஷத்தில் கங்காணி ஊருக்கு வருவார். கையில் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார். "அங்கே தேங்காயும் மாசியும் கொட்டிக் கிடக்கிறது" என்கிற மாதிரி பேசுவார். ஜனங்கள் ரெயிலேறி நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போய், அங்கிருந்து பினாங்குக்குக் கப்பலேறுவார்கள். போனவர்களில் நிலம் இல்லாத ஏழைகளும், ஊரில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் ஏராளம். 1938-ல் இந்திய அரசாங்கம் இப்படிக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும் வரை இது நடந்தது.

போன இடத்திலும் மரியாதை இல்லை. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். "கிளிங்" என்று ஏளனமாக அழைத்தார்கள். தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர். கங்காணிக்கும் கிராணிக்கும் பயந்து வாழ வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் இலவசமாகக் கிடைத்தது. அதுதான் திடல்.

லயத்துக்கு எதிரே ஒரு திடல்

தோட்டம் என்றால் லய வீடுகள் இருக்கும். மாரியம்மன் கோவில் இருக்கும். கள்ளுக்கடை இருக்கும். சின்னதாக ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கும். பெரும்பாலும் ஒரு புல்வெளியும் இருக்கும். பால்வெட்டு விடியுமுன் தொடங்கி மத்தியானத்தோடு முடியும். சாயங்காலம் பையன்கள் வெறுங்காலுடன் திடலில் இறங்குவார்கள். பந்து ஒன்று போதும். இருபது பேர் ஆடலாம்.

தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். நன்றாக ஆடுகிறவனை ரெயில்வே, துறைமுகம், மின்சார இலாகா, போலீஸ் ஆகியவற்றின் கோஷ்டிகள் கவனித்து வைத்துக்கொள்ளும். உத்தியோகமும் கிடைக்கும், ஆட்டமும் கிடைக்கும். கோலாலம்பூரில் தமிழர்கள் 1914-லேயே உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று நிறுவி விளையாட்டு வளர்த்தார்கள்.

அதற்கு மேலே மாநில அணி. "மலாயா" என்ற போர்க்கப்பலின் சிப்பந்திகள் கொடுத்த கோப்பைக்காக 1921 முதல் மாநிலங்கள் மோதின. அதுதான் பின்னாளில் மலேசியக் கோப்பை ஆயிற்று. மாநில அணியில் பெயர் எடுத்தவனுக்குத் தேசிய அணியின் கதவு திறக்கும்.

தோட்டத் திடல், இலாகா கோஷ்டி, மாநில அணி, தேசிய அணி. நான்கு படிகள். எந்தப் படியிலும் சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. காலில் பந்து நின்றால் போதும்.

மியூனிக்கில் ஒரு தமிழர்

1957-ல் மலேயா சுதந்திரம் அடைந்தபோது அங்கே 100 பேருக்கு 11 பேர் இந்தியர்கள். கால்பந்து அணியிலும் ஆட்டக்காரர்கள் 11 பேர்தான். கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு இடம் வர வேண்டும். நம்மவர்கள் கணக்குக்காக இடம் கேட்கவில்லை. ஆடியே வாங்கினார்கள்.

1972-ல் மியூனிக் ஒலிம்பிக்குக்கு மலேசிய அணி தகுதி பெற்றது. சின்ன நாடு. ஆசியாவின் பெரிய அணிகளை விலக்கிவிட்டு அங்கே போயிற்று. அந்த அணியின் தலைவர் எம். சந்திரன். தற்காப்பு ஆட்டக்காரர். மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று மலேசியா வீழ்த்தியது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்த அணிக்குத் தமிழர் ஒருவர் தலைமை தாங்கியதை அன்று யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. அதுதான் பெரிய அதிசயம்.

சிலந்தி மனிதர் ஆறுமுகம்

அடுத்து வந்தவர் ஆர். ஆறுமுகம். துறைமுக ஊரான கிள்ளானில் 1953-ல் பிறந்தவர். கோல் கீப்பர். கை நீளம் அதிகம். பந்து எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கை அங்கே போய்விடும். ஜனங்கள் "ஸ்பைடர்மேன்" என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் 1977-லும் 1979-லும் மலேசியா தங்கம் வென்றபோது கோல் காத்தவர் அவர். அவருக்கு முன்னால் தற்காப்பில் நின்றவர்கள் இருவர். ஒருவர் சீனரான சோ சின் ஆன், மற்றவர் பஞ்சாபியரான சந்தோக் சிங். கோல் அடிக்க மலாய்க்காரரான மொக்தார் டஹாரி இருந்தார்.

1980 ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் ஆட்டம். எதிரே தென் கொரியா. 1954-லேயே உலகக் கோப்பையில் ஆடிய நாடு. ஆட்டம் முடிய சில நிமிஷங்கள் இருக்கையில் ஹசான் சானி பந்தைக் கொடுக்க, ஜேம்ஸ் வோங் கோல் அடித்தார். மலேசியா 2, கொரியா 1. ஸ்டேடியம் அதிர்ந்தது.

ஆனால் மாஸ்கோ போக முடியவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்த நாடுகளோடு மலேசியாவும் சேர்ந்துகொண்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆறுமுகம் 1988 டிசம்பரில் மோட்டார் விபத்தில் இறந்தார். வயது 35. அந்த 1980-ம் வருஷ அணியை வைத்து 2016-ல் "ஓலா போலா" என்ற மலேசிய சினிமா வந்தது. அதில் கோல் காக்கும் தமிழ் இளைஞனுக்கு முத்து என்று பெயர். தியேட்டரில் மலாய்க்காரரும் சீனரும் அவனுக்காகக் கை தட்டினார்கள்.

2010-ல் இன்னொரு பெருமை. பழைய தேசிய ஆட்டக்காரரான கே. ராஜகோபால் அப்போது அணியின் பயிற்சியாளர். தென்கிழக்கு ஆசியக் கோப்பையின் இறுதிப் போட்டியில் மலேசியா இந்தோனேசியாவைச் சந்தித்தது. உள்ளூரில் 3-0 என்று வெற்றி. ஜகார்த்தாவில் 1-2 என்று தோல்வி. மொத்தத்தில் 4-2. மலேசியா அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. அந்த அணியில் குணாளன், குருசாமி என்ற நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

படிகள் இடிந்தன

அதற்குப் பிறகு? 2020-க்கு அப்புறம் ருவேந்திரன், சார்விந்திரன் என்று ஓரிருவர் தலை காட்டினார்கள். பழைய வரிசை இல்லை. இதற்கு ஒரு சட்டம் காரணமல்ல. ஒரு மனிதரும் காரணமல்ல. ஏறி வந்த படிகள் ஒவ்வொன்றாக இடிந்ததுதான் காரணம்.

முதலில் தோட்டம் போயிற்று. ரப்பருக்குப் பதில் எண்ணெய்ப் பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். நகரத்துக்குப் பக்கத்துத் தோட்டங்கள் வீட்டு மனையாயின. லட்சக்கணக்கான தமிழர்கள் லயத்தை விட்டு நகரத்து அடுக்கு வீடுகளுக்கு வந்தார்கள். அங்கே மாடிப்படி உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, திடல் இல்லை.

இலாகா கோஷ்டிகளின் காலமும் முடிந்தது. கால்பந்து பணம் புரளும் தொழிலாயிற்று. ஆட்டக்காரனைச் சிறு வயதிலேயே பயிற்சிக் கூடம் தேர்ந்தெடுக்கிறது. பூட்ஸ் வாங்க வேண்டும். வண்டி வைத்து அழைத்துப் போக வேண்டும். 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே இருந்தாலும், சின்னப் பள்ளிகளில் முழு அளவு மைதானத்துக்கு எங்கே போவது?

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த ஒரு கோஷ்டி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-ல் நாட்டின் முதல் தரப் போட்டியில் ஆடியது. 2022-க்குப் பிறகு அதுவும் விலகிக்கொண்டது.

காகிதம் இல்லாத பேரன்

இதற்கிடையே மலேசியா வேறு வழி தேடியது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்து அணியில் சேர்த்தது. முதலில் வந்தவர் காம்பியாவில் பிறந்த மொஹமது சுமாரே என்ற கறுப்பர். சிறு வயதில் குடும்பத்தோடு வந்து, அங்கேயே வளர்ந்து, 2018-ல் தேசிய அணியில் ஆடினார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் பாட்டனாரும் அப்படி வந்தவர்தானே!

ஆனால் 2025-ல் நடந்தது வேறு. தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களைச் சேர்த்து, ஜூனில் வியட்நாமை 4-0 என்று மலேசியா வென்றது. அந்த ஏழு பேரின் பாட்டன் பாட்டிமார் மலேசிய மண்ணில் பிறந்தவர்கள் என்று காகிதங்கள் காட்டப்பட்டன. உலகக் கால்பந்துச் சம்மேளனம் விசாரித்தது. அந்தக் காகிதங்கள் திருத்தப்பட்டவை என்று செப்டம்பரில் தீர்ப்பளித்து, ஏழு பேருக்கும் ஒரு வருஷத் தடையும், மலேசியச் சங்கத்துக்கு அபராதமும் விதித்தது. நவம்பரில் அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று. பிறகு வழக்கு விளையாட்டு நீதிமன்றம் வரை போயிற்று.

இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பாட்டி உண்மையாகவே அந்த மண்ணில் பிறந்திருந்தும், அதைக் காட்டக் காகிதம் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பதிவு செய்யத் தெரியாது. கலியாணத்தையும் பதிவு செய்வதில்லை. குடிமகனுக்கு நீல அட்டை, குடிமகன் அல்லாதவனுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டையோடு பிறந்த ஊரிலேயே கிழவரானவர்கள் உண்டு. அட்டை இல்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும், தேசிய அணியின் வாசலில் நின்றுவிட வேண்டியதுதான்.

உலகம் கண்ட பாடம்

ஒதுக்கப்பட்டவனைச் சேர்த்துக்கொண்ட நாடு கெட்டதில்லை. பிரேசிலில் வாஸ்கோட காமா என்ற கழகம் 1923-ல் கறுப்பரையும் ஏழைத் தொழிலாளரையும் வைத்து ரியோ நகரப் போட்டியில் ஜெயித்தது. மறு வருஷம் மற்ற பெரிய கழகங்கள் 12 ஆட்டக்காரரை நீக்கச் சொல்லின. வாஸ்கோ மறுத்துக் கடிதம் எழுதியது. பின்னாளில் பிரேசிலுக்கு உலகக் கோப்பைகளைக் கொண்டுவந்தவர்களில் கறுப்பர்கள் எத்தனை பேர் என்று சொல்லவும் வேண்டுமா?

ஹாலந்து மலேசியாவைப் போலவே சின்ன நாடு. அதன் காலனியாக இருந்த சுரினாமில் பிறந்த ஹம்ப்ரி மைனால்ஸ் என்ற கறுப்பர் 1960-ல் ஹாலந்து அணியில் இடம் பெற்றார். மூன்றே ஆட்டங்கள்தான். ஆனால் கதவு திறந்தது. 1988-ல் ஹாலந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, அணித் தலைவர் ரூட் குல்லிட்டின் தகப்பனார் சுரினாமிலிருந்து வந்தவர்.

மலேசியா இந்தப் பாடத்தைப் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. 1972-லும் 1980-லும் அதுவே உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது.

நமக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த கடலூரில் மைதானமும் பயிற்சியும் கிடைத்ததால், அங்கே பிறந்த இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். திறமை ரத்தத்தில் வருகிறதோ இல்லையோ, திடல் இல்லாமல் வருவதில்லை. திண்டிவனத்துப் பையனுக்கும் கிள்ளான் பையனுக்கும் வேண்டியது சலுகை அல்ல. ஒரு பந்து, ஒரு திடல், பிறந்த ஊரைச் சொல்லும் ஒரு காகிதம். இந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் மற்றதை அவன் காலே பார்த்துக்கொள்ளும்.