கடைசி இலக்கத்தை நம்பலாமா?

"ஆயிரம் ரூபாய்க்குள் இணையத்தில் வாங்கிய தராசு 0.001 கிராம் வரை காட்டுகிறது. ஒரே மூக்குத்தியை மறுபடி மறுபடி வைத்தால் எடை மாறுகிறதே?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். மாறத்தான் செய்யும். திரையில் இன்னொரு இலக்கம் சேர்க்கச் செலவே கிடையாது. காசெல்லாம் உள்ளே இருக்கும் பொறிக்குத்தான்.

மலிவுத் தராசில் இருப்பது லோட் செல்: பாரம் ஏறினால் இம்மியளவு வளையும் உலோகத்துண்டு. வளைந்தது சட்டென்று முழுசாக நிமிராது. அறை சூடானாலும் கணக்கு பிசகும்.

ஆய்வகத் தராசு அசையவே மறுக்கும். கடன்காரர் வெளியிலிருந்து கதவைத் தள்ளுகிறார். உள்ளே நீங்கள் முட்டுக்கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். இடுக்கில் தெரியும் வெளிச்சக் கீற்று அகன்றால் அழுத்துகிறீர்கள், ஒடுங்கினால் தளர்த்துகிறீர்கள். கீற்று மாறாமல் நின்றால் அவர் பலமும் உங்கள் பலமும் ஒன்று. தட்டிலுள்ள பொருள்தான் கடன்காரர். காந்தத்துக்கு நடுவே இருக்கும் கம்பிச்சுருள் நீங்கள். கீற்றைப் பார்க்கும் கண், ஒளி உணரி. தட்டு துளி இறங்கினாலும் சுருளில் மின்னோட்டம் ஏறி, அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். அந்த மின்னோட்டம்தான் எடையாகத் திரையில் வருகிறது. முட்டுக்கொடுத்தே உங்களுக்கு வியர்க்கும். சுருளும் அப்படியே சூடாகும். சூட்டில் காந்தத்தின் பலம் குறையும் என்பதால் வெப்பநிலையையும் அளந்து கணக்கைத் திருத்துகிறார்கள். வந்திருக்கும் கடன்காரர் இரண்டு மில்லிகிராம் கொசுவானாலும் இதே பிடிவாதம்தான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: ஆய்வகங்களில் இரட்டைத் தட்டை ஓரங்கட்டியது, 1940-களில் சுவிட்சர்லாந்தின் எர்ஹார்ட் மெட்லர் கொண்டுவந்த ஒற்றைத் தட்டுத் தராசு. சுருளும் காந்தமும் அதற்குப் பின்னால் வந்தவை.

இவ்வளவு கூர்மைக்கும் விலை உண்டு. 200 கிராம் எடைக்கல்லைத் தராசோடு பத்து மீட்டர் உயரம் தூக்கிப்போனால், புவியீர்ப்பு குறைந்து சுமார் 0.6 மில்லிகிராம் குறைவாகக் காட்டும். மாடி மாறினாலே மறுபடி காலிப்ரேஷன் செய்ய வேண்டும். மின்விசிறிக் காற்றும் கைரேகைப் பிசுக்கும் தனிக்கணக்கு.

வாசகருக்கு ஒரு யோசனை. பல மின்னணுத் தராசுகள் பூஜ்யத்தருகே வரும் சிறு மாற்றத்தைப் பிழையென்று எண்ணித் தாமே அழித்துவிடும். பொடியைத் துகள் துகளாக மெல்லத் தூவினால் 0.000-தான் நிற்கக்கூடும். முதலில் ஒரு நாணயத்தை வையுங்கள். பூஜ்யமாக்காமல், அதன் மேல் பொருளை வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பத்து முறை நிறுத்துப் பாருங்கள். பத்திலும் மாறாமல் வரும் இலக்கம் வரைதான் உங்கள் தராசு, மிச்சம் விளம்பரம்.