இரத்தம் எதைச் சொல்லும்?

கொவிட் காலத்தில் எங்கள் லிந்துலைப் பக்கத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி இது: "சேர், மூக்குல குச்சி போடாம ரத்தத்தை மட்டும் குடுத்துப் பாத்துக்க ஏலாதா?"

கேட்டவர்கள் பயந்தது குச்சிக்கு அல்ல. 2020 மார்ச் 30 ஆம் திகதி நீர்கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் கொவிட்டினால் மௌத்தானபோது அவருடைய ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் மார்ச் 24 இலேயே வந்திருந்தது. அடக்க அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியில்தான். மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதற்கு முந்திய ஏறத்தாழ பதினொரு மாதங்களும் பீ.சீ.ஆர். 'பொசிட்டிவ்' என்ற சொல் நம்மவர்களுக்கு நோயின் பெயராக மட்டும் இருக்கவில்லை. காய்ச்சலை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து, அறிக்கை 'நோர்மல்' என்றால் கொரோனா இல்லை என்று நிம்மதியடைந்தவர்களும் இருந்தார்கள். இந்த நிம்மதிதான் ஆபத்தானது.

நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி, வைத்தியனல்ல. ஆனால் ஆங்கிலத்தில் வரும் அறிக்கையை வாசித்துச் சொல்லும்படி பிள்ளைகளின் வாப்பாமார் கொண்டுவந்ததால், வைத்திய நண்பர்களிடம் கேட்டும் தேடி வாசித்தும் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கொரோனா வைரஸ் குடியிருப்பது மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகிய இடங்களில். பீ.சீ.ஆர். அதன் மரபுப்பொருளைத் தேடுகிறது; அன்ரிஜன் சோதனை அதன் புரதத்தைத் தேடுகிறது. இரண்டுக்கும் குச்சி தேவை. இரத்தத்தில் நாம் வழக்கமாகப் பார்ப்பது வைரஸை அல்ல, வைரஸுக்கு உடம்பு கொடுக்கும் பதிலை. கள்ளனைப் பிடிப்பது ஒன்று, கள்ளன் புகுந்த வீட்டில் என்னென்ன உடைந்தது என்று பார்ப்பது வேறொன்று. வீடு உடையாமல் இருப்பதால் கள்ளன் வரவில்லை என்று சொல்ல முடியாது.

பிறபொருளெதிரிச் சோதனையும் இரத்தத்தில்தான் செய்யப்படுகிறது. ஆனால் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் தெரிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை ஆகும். இன்றைய காய்ச்சலுக்கு அது உதவாது. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸின் உட்புறத்திலுள்ள நியூக்ளியோகப்சிட் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தால், அது தடுப்பூசியால் அல்ல, தொற்றினால் வந்தது என்று பல நாடுகளில் முடிவு செய்யலாம். இலங்கையில் மிகப் பலருக்குப் போடப்பட்ட சினோபார்மோ முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி. அதனால் அதைப் போட்டவர்களுக்கும் அந்தப் பிறபொருளெதிரி உண்டாகலாம்.

எப்.பீ.சீ. நமக்குப் பழக்கமானது. டெங்கு வந்தால் 'பிளேட்லட் எத்தனை?' என்று கேட்கத் தெரியாதவர் இந்த நாட்டில் இல்லை. கொவிட்டிலும் அதே தாள்தான், ஆனால் கண் போகவேண்டிய வரி வேறு: 'லிம்போசைற்', அதாவது நிணநீர்க் குழியங்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோலீற்றரில் 1,000 இற்குக் கீழே போனால் குறைவு என்று பொதுவாகக் கொள்வார்கள். 2020 ஜனவரியில் வூஹானிலிருந்து வெளிவந்த முதல் ஆய்வில் 41 நோயாளரில் 26 பேருக்கு இது குறைந்திருந்தது. பிளேட்லட் நன்றாக இருக்கிறது என்று தாளை மடித்து வைத்துவிடக்கூடாது.

அடுத்தது சீ.ஆர்.பீ. அழற்சி ஏற்பட்டால் ஈரல் சுரக்கும் புரதம் இது. 1930 இல் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணமாக லீற்றருக்கு 5 அல்லது 10 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும். எந்தத் தொற்றிலும் இது கூடும் என்பதால் கொரோனாவைக் காட்டிக்கொடுக்காது. கடுமையை மதிப்பிடத்தான் உதவும். பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வில், ஒட்சிசன் குறைந்து சீ.ஆர்.பீ.யும் 75 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கே டொசிலிசுமாப் மருந்து சோதிக்கப்பட்டது. அதே ஆய்வுதான் 2020 ஜூனில், டெக்ஸாமெதசோன் ஒட்சிசன் தேவைப்படுவோரின் இறப்பைக் குறைக்கிறது, தேவைப்படாதோருக்குப் பயனில்லை என்று காட்டியது. எண்ணைப் பார்த்துப் பயந்து பார்மசியில் ஸ்டீரொயிட் வாங்கி விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கட்டியான இரத்தம் கரையும்போது வரும் துணுக்குதான் டீ-டைமர். வூஹானில் 191 நோயாளரைப் பார்த்த ஆய்வில், அனுமதிக்கப்படும்போதே இது மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்கள் கூடுதலாக இறந்தார்கள். இதில் ஆட்களைக் குழப்புவது அலகுதான். ஓர் ஆய்வுகூடம் 0.5 என்று எழுதும், இன்னொன்று 500 என்று எழுதும். மைக்ரோகிராமும் நனோகிராமும்தான் வித்தியாசம், அளவு ஒன்றே. 'முந்தநாள் அரை, இன்டைக்கு ஐந்நூறு' என்று அழுதுகொண்டு வருவதற்கு ஒன்றுமில்லை. போதாததற்கு எப்.ஈ.யூ., டீ.டீ.யூ. என்று இரண்டு கணக்கு முறைகள். முதலாவது ஏறத்தாழ இரண்டாவதின் இரட்டிப்பு. வயது, கர்ப்பம், சத்திரசிகிச்சை ஆகியவற்றாலும் டீ-டைமர் கூடும்.

பெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம். அழற்சியிலும் கூடும். தோட்டத்துப் பெண்களில் இரத்தச்சோகை உள்ளவர்கள் நிறைய. அவர்களுடைய பெரிட்டின் வழக்கமாகவே கீழே கிடக்கும். தொற்று வந்து அது மேலேறும்போது தாளில் 'நோர்மல்' என்று விழலாம். உண்மையில் இரும்பும் குறைவு, அழற்சியும் இருக்கிறது.

எந்தச் சோதனையையும் விட முந்தியது ஒட்சிசன். 94 இற்குக் கீழே இறங்கினால் இரத்த அறிக்கை வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் கறுத்த தோலில் சில வேளை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. நம் நிறத்தவர் 95 ஐப் பார்த்தாலும், மூச்சு இளைத்தால் எண்ணை நம்பி இருக்கக்கூடாது.

ஒரு நாள் அறிக்கையை வைத்து வைத்தியர் முடிவெடுப்பதில்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார். ஆகவே கூடியவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள், பழைய தாள்களை வீசாதீர்கள். தாளின் ஓரத்தில் காய்ச்சல் தொடங்கிய திகதியையும் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாம் நாளில் வந்த சீ.ஆர்.பீ. 40 உம் பத்தாம் நாளில் வந்த 40 உம் அவருக்கு ஒன்றல்ல.