தெர்மாமீட்டர் உடைந்தால் பதற வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம்!

திருவெண்ணெய்நல்லூரில் என் வைத்தியசாலைக்கு ஒரு தாய் ஓடி வந்தார். "ஐயா, தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சு. அந்த வெள்ளி உருண்டையை வச்சுப் பையன் விளையாடிட்டான். விழுங்கியிருப்பானோ?"

விழுங்கிய பாதரசம் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். கண்ணாடித் துண்டு உள்ளே போயிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆனால் பெரிய ஆபத்து, நாம் சுவாசிக்கும் பாதரச ஆவிதான். அது நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். முறைப்படி சுத்தி செய்யாத பாதரசத்தை சித்த வைத்தியரே மருந்தில் சேர்க்கமாட்டார்!

பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறங்கள். தங்க நகையைக் கழற்றுங்கள். பாதரசம் அதில் ஒட்டிக்கொள்ளும். துடைப்பம் கூடாது, உருண்டை சிதறிவிடும். கெட்டி அட்டையால் தள்ளிச் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். சாக்கடையில் கொட்டினால் ஏரி, குளம் சேர்ந்து, மீன் வழியாக நம் தட்டுக்கே திரும்பி வரும்.

கொடைக்கானலில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்தது தெரிந்துதான், அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், உடைந்த தெர்மாமீட்டர், ஊசி, காலாவதியான மாத்திரை எல்லாவற்றையும் வீட்டு அபாயக் கழிவு என்றே வகுத்தன. எனவே பாட்டிலின் மேல் எழுதி ஒட்டி, துப்புரவுப் பணியாளரிடம் விவரம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். பாவம், வெறுங்கையால் குப்பையைப் பிரிப்பவர் அவர்தானே!

அடுத்த முறை டிஜிட்டல் தெர்மாமீட்டரே வாங்குங்கள்.