கைக்கு ஒரு பிடி: வீட்டு ஏறுசுவரை அமைத்தலும் பேணுதலும்

நம் பாட்டனார் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு மரங்கள் இருந்தன. புளியங்கிளை தாங்கும், முருங்கைக்கிளை முறியும் என்பதை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை. கண்டும் கேட்டும் அறிந்தனர். இன்று நம் புதுச்சேரியில் தோட்டங்கள் சுருங்கிவிட்டன, வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஏறத் துடிக்கும் பிள்ளைகளின் விரல்கள் கைப்பேசித் திரையைத் தடவுவதோடு நின்றுவிடுகின்றன. இந்நிலையில், வீட்டிலேயே பலகைச் சுவரொன்றை நிறுத்தி, அதில் பிடிகளைப் பொருத்தி, பிள்ளைகளை ஏறச்செய்யும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. பிரான்சு நாட்டில் உறவினரைக் கொண்ட நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு இது புதிய செய்தியன்று. பாரிஸ் மாநகருக்கு அண்மையிலுள்ள ஃபோந்தேன்புளோ காட்டுப் பாறைகளில் மக்கள் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக ஏறிப் பழகி வருகின்றனர்.

ஆயின், மரக்கிளையை வளர்த்தது இயற்கை. சுவரிலுள்ள பிடியை முடுக்குவது நம் கை. அது கழன்றால் பொறுப்பும் நம்முடையதே. ஆகவே இச்சுவரை எங்ஙனம் அமைப்பது, எங்ஙனம் பேணுவது என்பதைப் பெற்றோர் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

பாறையிலிருந்து பலகைக்கு

இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராயிருந்த டான் ராபின்சன் என்பவர், 1964இல் அங்கிருந்த நடைக்கூடத்துச் சுவரில் கற்களைப் பதித்து, மழைக்காலத்திலும் மாணவர் ஏறிப் பழக வழிசெய்தார். அவ்வாறு பதித்த கல்லை இடம் மாற்ற இயலாது. கழற்றி மாட்டக்கூடிய, பிசினில் வார்த்த பிடிகள் 1980களில் பிரான்சு நாட்டில் பெருகின. அதன்பின் ஒரே சுவரில் நாள்தோறும் புதிய வழிகளை அமைக்க முடிந்தது. இவ்விளையாட்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் (2021இல் நடைபெற்றது) முதன்முறையாக இடம்பெற்றது. 2024இல் பாரிஸ் நகரில் போலந்து வீராங்கனை அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 15 மீட்டர் உயரச் சுவரை 6.06 விநாடிகளில் ஏறி உலகை வியக்கவைத்தார். நமக்கு அண்மையில், பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கிலும் ஏறுசுவர் உண்டு.

திருச்சபைக்கும் மலையேற்றம் அந்நியமன்று. பின்னாளில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதராக விளங்கிய அருள்தந்தை அக்கில்லே ராத்தி, 1889இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்தே ரோசா சிகரத்தை அதன் கடினமான கிழக்கு முகத்தின் வழியே ஏறியவர். மென்தோன் நகரப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக 1923இல் அறிவித்தவரும் அவரே.

பழைய சுவரைத் துளைக்கலாமா?

நம் நகருக்கே உரிய கேள்வி இது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளாயினும், மேற்கே திண்ணையும் முற்றமும் கொண்ட தமிழர் வீடுகளாயினும், அவற்றின் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. பார்வைக்குத் தடித்திருப்பினும் சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. அதில் துளையிட்டு ஆணியை இறுக்கினால், சிறிது காலத்தில் சாந்து பொடிந்து ஆணி தளரும், சுவரும் பழுதுபடும். மர உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களை அடுக்கிய மதராஸ் தளத்திலிருந்து பாரத்தைத் தொங்கவிடுவது அதனினும் கேடு.

ஆகவே தனித்து நிற்கும் மரச்சட்டமொன்றைத் தச்சரைக் கொண்டு அமைப்பதே தக்கது. பாரம் தரையில் இறங்க வேண்டும், சுவரில் அன்று. சட்டத்தின் அடிப்பகுதி அகன்றிருந்தால் அது முன்னே சாயாது. சட்டத்திற்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே ஓர் ஆள் கை நுழையுமளவு இடைவெளி விடுக. காற்றோட்டத்தால் ஈரம் தங்காது. கரையான் ஏறினால் கண்ணில் படும். பலகையின் பின்புறத்தைப் பழுது பார்க்கவும் வழி இருக்கும்.

திறந்த மொட்டைமாடியில் அமைக்க விரும்புவோர் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 அன்று நம்மைத் தாக்கிய ஃபெஞ்சல் புயலையும் நினைவிற் கொள்க. எட்டடிக்கு நான்கடிப் பலகை புயற்காற்றில் பாய்மரமாகிவிடும். கூரையுள்ள தாழ்வாரமோ, கீழ்த்தளத்து அறையோ பாதுகாப்பானது.

பலகையும் மறையும் பிடியும்

பலகைக்கு 18 மி.மீ. கனமுள்ள, ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற நீர்தாங்கும் ப்ளைவுட் ஏற்றது. இருபது சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டால், முழுப் பலகையொன்றில் ஏறத்தாழ 70 துளைகள் அமையும். அத்தனைக்கும் பிடி வேண்டுவதில்லை. தொடக்கத்தில் இருபத்தைந்து பிடிகள் போதும். மற்றத் துளைகள் பிடிகளை மாற்றி வைக்க உதவும்.

ஒவ்வொரு துளையின் பின்புறத்திலும் டீ-நட் எனப்படும் மறையைப் பதிக்க வேண்டும். அது குழலும் தட்டும் கொண்டது. தட்டிலுள்ள பற்கள் மரத்தில் புதைந்து மறை சுழலாதபடி பிடித்துக்கொள்ளும். துளை பெரிதாயின் மறை ஆடும். சிறிதாயின் பலகை பிளக்கும். குழல் நேராக நுழையுமாறு துளையிடுதல் தச்சரின் கைத்திறன். முன்புறமிருந்து போல்ட்டை முடுக்கும்போது அது மறையைத் தன்பால் இழுப்பதால், மறை மேலும் இறுகும். போல்ட்டை முன்னிருந்து சுத்தியால் அடித்தாலோ மறை பின்னே விழுந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரான்சிலிருந்து வரும் பிடிகள் எம்-10 என்னும் 10 மி.மீ. போல்ட்டுகளுக்கு உரியவை. அமெரிக்காவிலிருந்து வருபவையோ பெரும்பாலும் முக்கால் அரை அங்குலம், அதாவது 9.5 மி.மீ. அளவின. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். மெல்லிய போல்ட் பெரிய மறையில் நுழைந்தும்விடும்; ஆனால் திருகுவரிகள் ஒன்றையொன்று பற்றா. பிள்ளையின் எடை ஏறியதும் அது கழன்று வரக்கூடும். ஒரு வீட்டில் ஒரே அளவு என்பதை விதியாகக் கொள்க.

போல்ட்டின் தலையும் பிடியின் குழியோடு பொருந்த வேண்டும். தட்டையடிக் குழிக்கு உருளைத்தலையும், கூம்புக் குழிக்குக் கூம்புத்தலையும் உரியவை. எம்-10 உருளைத்தலைக்கு 8 மி.மீ. ஆலன் சாவியும் கூம்புத்தலைக்கு 6 மி.மீ. சாவியும் வேண்டும். மாற்றி இட்டால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து பிடி விரிசல் காணும். பிடி நகராதவரை முடுக்குக. அதற்குமேல் வலிமையைக் காட்டினால் பிசின் உடையும். பிடியில் சிறுதுளை இருப்பின் அதில் ஒரு மரத்திருகாணியைச் செலுத்துக; பிடி சுழலாது. பணம் குறைந்தோர் நன்கு உலர்ந்த வன்மரத்தில் பிடிகளைச் செதுக்குவிக்கலாம். முனைகளை உருட்டித் தேய்த்தால் அவை விரல்தோலுக்கும் இதமானவை.

கடற்காற்று என்னும் பகைவன்

நம் ஊரின் உப்புக்காற்று இரும்பை விடாது. சாதாரணப் போல்ட்டுகள் துருவேறி மறையோடு ஒட்டிக்கொள்ளும். கழற்ற முயன்றால் மறையே மரத்தைக் கிழித்துக்கொண்டு சுழலும். துருவேறா எஃகு நல்லது. எனினும் அதுவும் சாகாவரம் பெற்றதன்று. தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் பதித்த அத்தகைய எஃகு ஆணிகளே உட்பிளவு கண்டு முறிந்தமையால், அங்கே டைட்டானியம் ஆணிகளைப் பதிக்க நேர்ந்தது. ஆகவே திருகுவரியில் சிறிது கிரீஸ் தடவுக. சில திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பார்த்து, செந்துரு படிந்ததை மாற்றுக.

வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். தை, மாசியில் காய்ந்து சுருங்கும். அப்போது நேற்று இறுகியிருந்த பிடி இன்று தளரும். எனவே மழைக்காலம் முடிந்ததும் எல்லாப் பிடிகளையும் மறுபடி முடுக்குதல் கட்டாயம். வாரந்தோறும் கையால் திருகிப் பார்ப்பதும், தட்டி ஓசை கேட்பதும் நல்ல பழக்கம். விரிசலுற்ற பிடி மந்தமாக ஒலிக்கும். அதைப் பசையிட்டு ஒட்டாமல் எறிந்துவிடுக.

வியர்வையும் தூளும் படிந்த பிடி வழுக்கும். கைவியர்வையைப் போக்க மக்னீசியம் கார்பனேட் தூளைப் பூசும் வழக்கத்தை, உடற்பயிற்சிக் கலையிலிருந்து 1950களில் பாறையேற்றத்திற்குக் கொண்டுவந்தவர் ஜான் கில் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். அத்தூளை மென்மயிர்த் தூரிகையால் துடைக்கலாம்; கம்பித் தூரிகை பிடியின் சொரசொரப்பைத் தேய்த்துவிடும். பிசின் பிடிகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்த்தியபின் மாட்டுக. மரப்பிடிகளை ஊறவைத்தல் ஆகாது.

விழுவதற்கும் இடம் வேண்டும்

ஏறுபவர் விழுவது இயல்பு. ஆகவே சுவரின் முன்னே தடித்த நுரைமெத்தையை இடைவெளியின்றி விரித்து, அவ்விடத்தில் நாற்காலி, சைக்கிள் முதலியவற்றை வைக்காதிருக்க வேண்டும். ஒருவர் ஏறும்போது மற்றொருவர் கீழே நிற்கலாகாது. சிறு பிள்ளைகள் பெரியவர் துணையின்றி ஏறலாகாது. விரலில் மோதிரத்தோடு ஏறுவது பெருந்தீங்கு. பிடியில் மோதிரம் மாட்டிக்கொண்டால் உடலின் எடை முழுவதும் விரலில் இறங்கி, தோலையே உரித்துவிடும். தந்தையர் தம் திருமண மோதிரத்தையும் அச்சமயம் கழற்றி வைப்பார்களாக. கழுத்துச் சங்கிலிக்கும் உத்தரியத்திற்கும் இதே விதி.

இத்தனை எச்சரிக்கையும் பிள்ளைகளை அச்சுறுத்த அன்று. தன் உடலின் வலிமையையும் எல்லையையும் உணர்ந்து, விழுந்தபின் எழுந்து மீண்டும் முயலும் பிள்ளை, பள்ளியிலும் வாழ்விலும் எளிதில் மனந்தளராது. பிடிகளைச் சோதிக்கும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலன் சாவியை மூத்த பிள்ளையின் கையில் கொடுத்து, தம்பி தங்கையர் ஏறுமுன் ஒவ்வொரு பிடியையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கவனத்தை நம்பி இன்னொருவர் ஏறுகிறார் என்பதை அப்பிள்ளை அன்றே உணரும்.