கைத்தொலைபேசியும் வலையமைப்பும்

மேலைநாடுகளில் புகழ்பெற்ற திறன்பேசியொன்று வெளிவரப்போகின்றது என்ற செய்தி பரவிய மாத்திரத்தே, அதனை விற்கும் உரிமை எந்தத் தொலைபேசி நிறுவனத்துக்குக் கிடைக்கும் என்ற வினாவும் உடன் எழுவது நெடுங்கால வழக்கமாயிருந்தது. அவ்வினாவைச் சுற்றி ஊகங்கள் பல கிளம்பும். நம் நாட்டு மாணவர்க்கு இது வியப்பையே தரும். கண்டி தலதா வீதியிலுள்ள கடையொன்றிற் கருவியை வாங்குகின்றோம். சிம் அட்டையை வேறோரிடத்திற் பெறுகின்றோம். இரண்டையும் நாமே இணைத்துக்கொள்கின்றோம். குத்துவிளக்கை ஒருவரிடமும் எண்ணெயை மற்றொருவரிடமும் வாங்குவது போன்றதே இது. இவ்விரண்டும் சில நாடுகளில் ஏன் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டன, அப்பிணைப்பின்மையால் நாம் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் மாணவியொருத்திக்கு, வெளிநாட்டிலுள்ள தாய்மாமன் தாம் பாவித்த திறன்பேசியை அனுப்பிவைத்தார். உள்ளூர்ச் சிம் அட்டையை இட்டபோது, இவ்வட்டை ஏற்கப்படமாட்டாது என்ற வாசகமே திரையில் தோன்றிற்று. கருவி பழுதென்று எண்ணி அவள் எம்மிடம் கொணர்ந்தாள். பழுது ஏதுமில்லை, அது பூட்டப்பட்டிருந்தது. மாமனார் தவணைப் பணத்தைச் செலுத்தி முடித்து, விற்ற நிறுவனத்திடம் அனுமதி பெறும்வரை மூன்று வாரங்கள் கழிந்தன. அம்மூன்று வாரப் பாடங்களை அப்பிள்ளை இழந்தாள்.

பூட்டின் இயல்பை அறிதற்கு முதலிற் சிம் அட்டையின் இயல்பை அறிதல் வேண்டும். 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே அன்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலிஞ்சா நிறுவனத்துக்காக முதற் சிம் அட்டைகளை ஆக்கியது. அவ்வட்டையில் வாடிக்கையாளரைக் குறிக்கும் எண்ணொன்றும் இரகசியத் திறவுகோலொன்றும் பொதிந்துள்ளன. அவ்வெண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன, இலங்கைக்குரியது 413. அடுத்துவருவன நிறுவனத்தைக் குறிப்பன. கருவிக்கோ தனியே 15 இலக்க அடையாள எண் ஒன்றுண்டு. ஆகவே ஆள் வேறு, கருவி வேறு என்னும் பிரிவினை இம்முறையின் அடிப்படையிலேயே அமைந்துவிட்டது. பூட்டு என்பது இப்பிரிவினையைச் செயற்கையாய் அழிக்கும் ஏற்பாடாகும். கருவியிலுள்ள மென்பொருள் அட்டையின் முதல் இலக்கங்களைப் படித்து, அவை தன் நிறுவனத்துக்குரியன அல்லவெனின் இயங்க மறுக்கும்.

இனி, ஊகங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி அறிவிக்கப்பட்டு, ஜூன் 29ஆம் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்துக்கே அங்கு தனியுரிமை இருந்தது. மற்றொரு பெருநிறுவனமாகிய வெரைசன் அதனை எப்போது பெறும் என்ற ஊகம் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓயவில்லை. தடையாயிருந்தது உடன்படிக்கை மாத்திரமன்று. வெரைசன் அக்காலத்திற் கையாண்ட சி.டி.எம்.ஏ. முறையிற் சிம் அட்டைக்கு இடமில்லை; கருவியே நேரிற் பதிவு செய்யப்பட்டது. ஆதலின் அதற்கெனத் தனி மாதிரியொன்றை ஆக்கவேண்டியிருந்தது. அது 2011 பெப்ரவரி 10ஆம் திகதியே விற்பனைக்கு வந்தது. சீனாவிலும் இதுவே நிகழ்ந்தது. வாடிக்கையாளர் தொகையில் உலகிலேயே பெரியதான சைனா மொபைல், தனக்கேயுரிய மூன்றாந் தலைமுறை முறையைக் கைக்கொண்டிருந்தமையால், 2014 ஜனவரி 17 வரை காத்திருந்தது. அதன் போட்டி நிறுவனமாகிய சைனா யுனிகொம் 2009இலேயே ஐபோனை விற்கத் தொடங்கிவிட்டது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். இத்தகைய ஊகங்களை எடைபோடுதற்கு இரண்டு வினாக்கள் போதும்: அந்நிறுவனத்தின் அலைமுறைக்குக் கருவி பொருந்துமா? முன்னைய உடன்படிக்கை எப்போது முடிவுறும்? இவ்விரண்டுக்கும் விடையளிக்காத ஊகம் வெறும் வதந்தியே எனலாம்.

பிணைப்புக்குக் காரணம் விலைச்சலுகையே. 2008இல் வெளிவந்த ஐபோன் 3ஜி அமெரிக்காவில் இரண்டாண்டு உடன்படிக்கையுடன் 199 டொலருக்கு விற்கப்பட்டது. குறைந்த பணத்தை நிறுவனம் மாதக் கட்டணத்தின் வாயிலாக மீட்டுக்கொண்டது. மீட்குமளவும் வாடிக்கையாளர் விலகாதிருக்கப் பூட்டு உதவிற்று. இந்தியாவிலோ, 2008 ஆகஸ்ட் 22 முதல் எயார்டெல்லும் வொடஃபோனும் அதே கருவியை 31,000 ரூபாய்க்கு விற்றன. அங்கு விலையும் முழுமையாயிருந்தது, பூட்டும் இருந்தது. பூட்டு சலுகையின் விளைவு மாத்திரமன்று, நிறுவனங்களின் வலிமையின் விளைவுமாகும் என்பது இதனாற் பெறப்படும். அதனாலேயே சட்டம் தலையிட வேண்டியதாயிற்று. பிரான்சின் போட்டி ஆணையம் 2008 டிசம்பரில் ஒரேஞ்ச் நிறுவனத்தின் ஐபோன் தனியுரிமையை இடைநிறுத்திற்று. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய கருவிகள் யாவும் பூட்டின்றியே விற்கப்படவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் முற்பணம் செலுத்திப் பேசும் வழக்கமே பெருவழக்கு. மாதந்தோறும் மீட்டுக்கொள்ளும் வழி இல்லாதவிடத்துச் சலுகைக்கும் இடமில்லை; சலுகையின்றேற் பூட்டுக்கும் தேவையில்லை. இவ்விடுதலைக்கு நாம் கொடுக்கும் விலை யாதெனின், கருவியின் முழுப்பெறுமதியையும் ஒரே நாளிற் செலுத்துவதாம். 2022 நெருக்கடியில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு உயர்ந்தபோது, கருவி வாங்க நினைத்த பெற்றோர் இதனை நன்குணர்ந்தனர்.

ஆயினும், மலைநாட்டில் வாழ்வோர்க்கு இவ்விடுதலை பெரும்பேறு என்றே கூறவேண்டும். கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மலை முகடுகளை ஓரளவு வளைந்து கடக்கும். உயர்ந்தவை அங்ஙனம் கடவா. ஆகவே ஹந்தானை முகட்டின் ஒருபுறம் நன்கு கேட்கும் நிறுவனத்தின் சமிக்ஞை மறுபுறத்திற் கேளாதொழியும். கலஹா, தெல்தோட்டைப் பள்ளத்தாக்குகளில் ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் இடையே கூட இவ்வேறுபாடு உண்டு. 2021இல், பொஹிட்டியாவ என்னுஞ் சிற்றூர் மாணவர்கள் சமிக்ஞையைத் தேடித் தம் ஆசிரியையுடன் காட்டு வழியே மலையேறிச் சென்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. எனவே நமக்குரிய வினா, கருவியை எவர் விற்பார் என்பதன்று. எவருடைய அலை நம் வாயிலை அடையும் என்பதே. பூட்டில்லாக் கருவி கையிலிருப்பின், அட்டையை மாற்றி விடைகாணலாம். கலஹா மாணவியும் ஈற்றில் அதனையே செய்தாள்.

எனினும் தெரிவு என்பது தெரிந்தெடுக்கப் பலர் இருக்கும்வரையே பொருளுடையது. 1989இல் செல்டெல் நிறுவனத்துடன் தொடங்கிய நம் நாட்டுக் கைத்தொலைபேசிச் சேவை, 2009இல் எயார்டெல் வந்தபோது ஐந்து நிறுவனங்களாய் விரிந்தது. செல்டெல்லின் வழிவந்த எரிசலாட் 2018இல் ஹட்ச் நிறுவனத்துடனும், எயார்டெல் 2024இல் டயலொக் நிறுவனத்துடனும் இணைந்தன. இன்று எஞ்சியவை டயலொக், மொபிடெல், ஹட்ச் என்னும் மூன்றே.

பூட்டும் புதிய வடிவங்களைப் பெற்று வருகின்றது. அட்டையே இல்லாத இ-சிம் முறை பரவுகின்றது. 2022இல் வெளிவந்த ஐபோன் 14 அமெரிக்காவில் அட்டைத் துவாரமின்றியே விற்கப்பட்டது. அட்டையை நகத்தாற் பெயர்த்து மாற்றிய உரிமை, நிறுவனத்தின் அனுமதியை வேண்டிநிற்கும் உரிமையாய் மாறக்கூடும். நான்காந் தலைமுறை அலையிற் குரலழைப்பு மேற்கொள்வதற்கும் கருவியும் நிறுவனமும் ஒன்றையொன்று ஏற்றிருத்தல் வேண்டும். இலங்கையில் 2025 ஜனவரி 28 முதல், புதிதாய்ப் பாவனைக்கு வரும் கருவிகளின் 15 இலக்க எண் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிற் பதியப்பட்டிருத்தல் வேண்டும் என்ற ஏற்பாடும் வந்துள்ளது.

ஆகவே, உறவினரிடமிருந்து கருவி பெறும் மாணவர்கள் மூன்றினை முற்கூட்டியே கேட்டறிவாராக: அது பூட்டு நீக்கப்பட்டதா? நம் நாட்டு அலைவரிசைகளுக்கு ஏற்றதா? அதன் எண் இங்குப் பதியத்தக்கதா? இம்மூன்றையும் ஒரு கடிதத்திற் கேட்டிருந்தால் எம் மாணவியின் மூன்று வாரங்கள் வீணாயிரா. கருவியை விற்பவர் எவராயினும் ஆகுக. அதனைப் பயன்படுத்தும் உரிமை வாங்கியவருக்கே உரியதாதல் வேண்டும். அவ்வுரிமையின் இயல்பை அறிந்தோரே அதனைக் காக்கவும் வல்லோராவர்.