படுத்த வண்டி எழுந்தால் மட்டும் போதுமா?

கொல்லிமலை என்றதும், கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி நம் நினைவுக்கு வருவான். அவன் ஏறிச் சென்ற குதிரைக்கும் ஓரி என்றே பெயர். குதிரையைப் பல நாள் சும்மா கட்டிப் போட்டால் அது கனைக்கும். காலால் தரையை உதைக்கும். தனக்கு என்ன குறை என்பதை எப்படியாவது தெரிவித்துவிடும். மோட்டார் வண்டி அப்படியல்ல. ஆறு மாதம் கொட்டகையில் நின்றாலும் வாய் திறக்காது. சாவியைத் திருப்பும் அன்றுதான் அதன் நோய் வெளிப்படும். அப்போதுகூடப் பாதி நோயைத்தான் சொல்லும்!

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்திலும் எத்தனையோ வண்டிகள் வாரக் கணக்கில் அசையாமல் நின்றன. ‘ஓட்டினால்தான் வண்டி தேயும், நிறுத்தினால் என்ன ஆகும்?’ என்று நினைத்திருந்த பலருக்கும், நிறுத்தி வைப்பதும் ஒரு தேய்மானமே என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த மழைக்காலத்திலோ, வெளியூர்ப் பயணத்தின்போதோ இதே தொல்லை மறுபடியும் வரத்தான் செய்யும்.

இந்தத் தொல்லை சமவெளியில் ஒரு விதம், மலையில் வேறு விதம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே ஊர்கள் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளன. மழையும் பனியும் ஈரமும் அங்கே அதிகம். வண்டி கிளம்பவில்லை என்றால், வீட்டு வாசலிலேயே சரிவு காத்திருக்கிறது. ‘கொஞ்சம் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும்’ என்ற ஆசை வருவது இயற்கை. ஆபத்தும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

சாவிக்கு முன் கண்!

நெடுநாள் நின்ற வண்டியில் ஏறியவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அணை கொடுங்கள். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அடியில் தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? டயர் இறங்கியிருக்கிறதா? சக்கரத்தின் உட்புறம் ஈரம் கசிந்திருக்கிறதா?

அடுத்து பானெட்டைத் திறந்து பாருங்கள். தானியமும் பலாவும் விளையும் ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. அது ஒயரைக் கடித்திருக்கலாம். ஏர் பில்ட்டருக்குள் வைக்கோலும் துணியும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கலாம். கடிபட்ட ஒயரோடு மின்சாரத்தைப் பாய்ச்சினால் தீப்பற்றக்கூடும். கையை உள்ளே விடுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பதும் நல்லது. எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பும் வரும் அல்லவா?

எஞ்சின் ஆயிலின் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வண்டியைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

சத்தம் சொல்லும் சங்கதி

எல்லாம் சரியாக இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பலாம். கொட்டகையின் கதவு திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் எஞ்சின் ஓடினால், புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

இப்போது காதைக் கூர்மையாக்கிக் கொள்ளுங்கள். விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால், பாட்டரி அடியோடு இறங்கியிருக்கும். அல்லது டெர்மினல் விட்டுப் போயிருக்கும். ‘டக டக டக’ என்று அடித்துக்கொண்டால் பாட்டரியில் உயிர் இருக்கிறது, பலம் இல்லை. விளக்கு நன்றாக எரிந்தும் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் எண்ணெய் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை.

எதுவானாலும் ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் விடாமல் பிடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்து மறுபடி முயலுங்கள். விடாமல் பிடித்தால் பாட்டரியும் போகும், ஸ்டார்ட்டரும் சூடேறிக் கெடும்.

பாட்டரியின் பசி

பெரும்பாலும் குற்றவாளி பாட்டரிதான். 1859-ல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமிலப் பாட்டரியின் வழிவந்ததே நம் வண்டியில் இருப்பதும். அதை உபயோகிக்காவிட்டாலும் தானாகவே இறங்கும். கடிகாரமும் திருட்டு மணியும் இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். நன்றாக நிறைந்த 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி என்று பொருள். அந்த நிலையிலேயே மாதக் கணக்கில் கிடந்தால், உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒயர்களைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் துடையுங்கள். வேறு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கினால், சிவப்பு ஒயரை இரு பாட்டரிகளின் பிளஸ் முனைகளில் மாட்டுங்கள். கறுப்பு ஒயரின் ஒரு நுனியை நல்ல பாட்டரியின் மைனஸில் மாட்டி, மறு நுனியை நின்ற வண்டியின் எஞ்சின் இரும்பில், பாட்டரிக்குத் தள்ளியே கடைசியாக மாட்டுங்கள். பாட்டரி அருகில் ஹைட்ரஜன் வாயு இருக்கும். ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். லாரியின் 24 வோல்ட்டைக் காரின் 12 வோல்ட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பழைய பெட்ரோல்

பெட்ரோலும் பழசாகும். இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். வார்னிஷ் போல வாடை அடித்தால் பழையதை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுவதே மேல். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில், அதன் கிண்ணத்திலுள்ள பிசினையும் சுத்தம் செய்ய வேண்டும்.

டீசல் வண்டியானால் பில்ட்டரின் அடியில் தங்கிய தண்ணீரை வடியுங்கள். குழாயில் காற்று புகுந்திருந்தால் கைப் பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும்.

உருட்டினால் என்ன?

இத்தனையும் செய்யப் பொறுமை இல்லாதவர், சரிவில் விட்டுவிடத் துணிகிறார். எஞ்சின் ஓடாத வண்டி உருளும்போது என்ன நடக்கிறது? பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர், எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்றிருந்தால் மிதியைக் காலால் மிதிப்பது, கல்லை மிதிப்பது போல இருக்கும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை எடுத்துவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் கனம், ஸ்டியரிங் கனம், எதிரே கொண்டை ஊசி வளைவு! இன்னும் சொல்ல வேண்டுமா?

தானியங்கிக் கியர் உள்ள கார்களும், கியர் மாற்றாத ஸ்கூட்டர்களும் உருட்டினாலும் கிளம்பா. புதிய பெட்ரோல் வண்டிகளில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் விலையுயர்ந்த கருவியையே கெடுத்துவிடும்.

சொல்லாத நோய்

கடைசியாக, வண்டி கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் மகிழ்ந்து மலை இறங்கத் தயாராகிறார்கள். இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்: கிளம்பிய வண்டி நிற்குமா?

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற ரகம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. சுமார் 3.7 சதவிகிதம் ஈரம் சேர்ந்ததும் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். வீட்டு வாசலில் மிதித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. பிரேக் நன்றாகவே பிடிக்கும். பத்தாவது வளைவிலும் பிடிக்கும். விடாமல் மிதித்து மிதித்துச் சூடேறிய பிறகு ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும் பொருள். மிதித்த கால் தரை வரை போகும், வண்டி நிற்காது! ஸ்டார்ட் ஆகாத நோய் நம்மை வீட்டில் உட்கார வைக்கிறது. இந்த நோயோ நம்மைப் பள்ளத்துக்கு அழைத்துப் போகிறது.

ஆகவே பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. கைப்பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் சுழலாவிட்டால் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. கட்டி இழுத்துப் பிய்க்காமல் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பிறகு சமதரையில் நடை வேகத்தில் பத்து முறை ஓட்டி நிறுத்துங்கள். அதன் பின்பே மலைச் சாலை. இறங்கும்போது ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடவே கூடாது.

மறுபடி நிறுத்தி வைக்க நேர்ந்தால் சமதரையைத் தேடுங்கள். கைப்பிரேக்கைப் போடாமல், கியரில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள்; முடிந்தால் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். வாரம் ஒரு முறை இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வருவது எல்லாவற்றிலும் நல்லது.

வண்டியைக் கிளப்புவதற்குப் பத்து யோசனை சொல்ல அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். அதை நிறுத்துவதற்கு வழி செய்ய வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். எழுபது வளைவுக்கும் கீழே உங்களுக்காகக் காத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டு, முதலில் பிரேக்கைப் பாருங்கள். சாவியை அப்புறம் திருப்பலாம்.